திருத்தத் திருத்தத் தள்ளாடிய கணிப்பொறி

ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டுக் கணிப்பொறி, “புதிய வெளியீடு வந்துள்ளது; ஏற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறது. நீங்களும் சரி என்கிறீர்கள். அரை மணி நேரம் கழித்து அது கண் விழிக்கிறது. பழைய பிழைகள் சில மறைந்திருக்கின்றன. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல் ஒன்று இன்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. நினைவகத்தில் இருந்த காலியிடமும் குறைந்துபோயிருக்கிறது. “நன்றாக இருந்ததைத் திருத்தப்போய்க் கெடுத்துவிட்டார்களே!” என்று சலித்துக்கொள்கிறீர்கள். “கூடுதல் நினைவகம் வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்தச் சலிப்பு புதிதன்று. இதற்கு ஏறத்தாழ அறுபது வயது ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனைக்கும் அதே வயதுதான். திருத்தம் ஏன் கெடுக்கிறது? நினைவகத்தைப் பெருக்கினால் கணிப்பொறி நிலைத்து நிற்குமா? இவ்விரு கேள்விகளையும் முதன்முதலில் பெரிய அளவில் எழுப்பிய ஒரு கணிப்பொறியின் கதையை இங்கே காண்போம்.

முழு வட்டம்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம்/360’ என்ற கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் ஒவ்வொரு மொழி. சிறிய பொறியை விட்டுப் பெரிய பொறிக்கு மாறும் நிறுவனம், தன் நிரல்களையெல்லாம் புதிதாக எழுத வேண்டியிருந்தது. புதிய குடும்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. சிறியதில் ஓடும் நிரல் பெரியதிலும் ஓடும். கணக்குப் பதிவு, அறிவியல் ஆய்வு என எல்லாத் திசைகளுக்கும் பயன்படும் என்பதைக் குறிக்கவே, வட்டத்தின் 360 பாகைகளைப் பெயராக வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்திற்காக எழுதப்பட்ட மேலாண்மை நிரல்தான் ஓ.எஸ்./360 என்னும் இயக்க முறைமை. இயக்க முறைமை என்பது என்ன? கல்யாண வீட்டில் ஒருவர் நின்றுகொண்டு, யார் எந்தப் பந்தியில் உட்காருவது, சமையலறையிலிருந்து எது எப்போது வருவது, எந்த அறையை யாருக்கு ஒதுக்குவது என்று பார்த்துக்கொள்வார் அல்லவா? கணிப்பொறிக்குள் அந்த வேலையைச் செய்வது இயக்க முறைமை. எந்த நிரலுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம், எது முதலில் ஓடும், அச்சுப்பொறி யாருக்கு என்றெல்லாம் அது முடிவு செய்கிறது.

ஆனால் அந்த மேற்பார்வையாளருக்கும் உட்கார இடம் வேண்டும். இயக்க முறைமையும் நினைவகத்திலேயே குடியிருக்க வேண்டும். அது பருத்தால் மற்ற நிரல்களுக்கு இடம் குறையும். இங்கிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

இருபத்தாறு பைட்டு

அக்கால நினைவகம் எத்தகையது என்று தெரிந்தால் வியப்படைவீர்கள். கடுகு போன்ற சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து வலையாகப் பின்னியிருப்பார்கள். ஒரு வளையம் ஒரே ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். எட்டு வளையங்கள் சேர்ந்தால் ஒரு பைட்டு; அதாவது ஓர் எழுத்து. சிஸ்டம்/360 குடும்பத்தின் மாடல் 30 கணிப்பொறியை வெறும் 8 கிலோபைட்டு நினைவகத்துடன்கூட வாங்க முடிந்தது. இன்று 4 கிகாபைட்டு நினைவகம் உள்ள கைப்பேசியைச் சாதாரணமானது என்கிறோம். அது அந்த 8 கிலோபைட்டைப் போல ஐந்து இலட்சம் மடங்குக்கும் மேல்!

ஆகவே ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்கு உண்டு. ஓ.எஸ்./360 உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர் ஃபிரெடரிக் புரூக்ஸ். பிறகு அவர் 1975இல் எழுதிய ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற நூலில் ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். லீப் ஆண்டில் டிசம்பர் 31ஆம் நாள், ஆண்டின் 366ஆம் நாள் ஆகும். அந்த ஒரு நாளைச் சரியாகக் கடப்பதற்கான நிரல், நினைவகத்தில் நிரந்தரமாக 26 பைட்டு இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலை. கணிப்பொறியை இயக்குபவரே கையால் செய்திருக்கலாமே என்று அவர் வருந்துகிறார். 26 பைட்டுக்கு இத்தனை வருத்தம்!

இதைவிடப் பெரிய பாடமும் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும், “உங்கள் நிரல் இத்தனை பைட்டுக்குமேல் போகக்கூடாது” என்று வரம்பு விதித்திருந்தார்கள். குழுக்களும் வரம்பை மீறவில்லை. எப்படி? நிரலைத் துண்டு துண்டாக்கி வெளிச்சேமிப்பில் வைத்துவிட்டு, வேண்டும்போது வேண்டிய துண்டை மட்டும் நினைவகத்திற்குக் கொண்டுவந்தார்கள். நினைவகம் மிச்சமாயிற்று, ஆனால் நேரம் வீணாயிற்று. ஃபோர்ட்ரான் மொழிபெயர்ப்பு நிரல் ஒன்றைப் பாவனைக் கணக்கில் ஓட்டிப் பார்த்தபோது, அது நிமிடத்திற்கு ஐந்தே வரிகளைத்தான் மொழிபெயர்க்கும் என்று தெரியவந்தது. ஒரு மனிதர் கையால் எழுதும் வேகம் அது! நினைவகத்தை மட்டும் அளந்தால் போதாது, அதற்குள் எத்தனை முறை போய்வருகிறோம் என்பதையும் அளக்க வேண்டும் என்பதை அன்று கற்றார்கள்.

ஐந்தடி உயர ஏடு

1963 முதல் 1966 வரை ஓ.எஸ்./360-க்காகச் செலவான உழைப்பு, 5000 பேர் ஓராண்டு உழைப்பதற்குச் சமமாக இருக்கும் என்பது புரூக்ஸின் மதிப்பீடு. உச்ச காலத்தில் ஆயிரம் பேருக்குமேல் அதில் ஈடுபட்டிருந்தனர். இவ்வளவு பேரும் ஒரே கருத்துடன் வேலை செய்வது எப்படி? நிரலின் எல்லாப் பகுதிகளையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று புரூக்ஸ் நினைத்தார். எனவே எல்லா விவரங்களையும் ஒரு பணி ஏட்டில் தொகுத்து, அதன் படிகளை அலுவலகம் முழுவதும் கொடுத்தார்.

ஆறே மாதத்தில் அந்த ஏடு ஐந்தடி உயரம் வளர்ந்துவிட்டது. நியூயார்க் அலுவலகத்தில் இருந்த நூறு படிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், அவர்கள் வேலை செய்த வானளாவிய கட்டடத்தையே அது தாண்டியிருக்குமாம். நாள்தோறும் ஏறத்தாழ 150 பக்கத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. பழைய தாளை எடுத்துப் புதிய தாளைச் செருகுவதே ஒரு தனி வேலையாயிற்று. பின்னர் நுண்படத் தகடுகளுக்கு மாறினார்கள். இந்த ஏட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரம் பிழை

குறித்த காலத்தில் ஓ.எஸ்./360 முடியவில்லை. சிறிய நினைவகம் உடையவர்களுக்காக டாஸ்/360 போன்ற எளிய முறைமைகளைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1966இல் ஓ.எஸ்./360 வெளிவரத் தொடங்கியபின், திருத்தங்களையும் புதிய வசதிகளையும் சேர்த்து, வெளியீடு 2, வெளியீடு 3 என்று வரிசையாகப் பயனாளர்களுக்கு அனுப்பினார்கள். இன்று உங்கள் கைப்பேசிக்கு வரும் புதுப்பிப்புகள் அன்றைய இந்த வெளியீடுகளின் வழிவந்தவையே.

பிழைகள் குறைந்துகொண்டே போக வேண்டும் அல்லவா? குறையவில்லை. 1969இல் ரோம் நகருக்கு அருகே மென்பொருள் பொறியியல் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதில் பேசிய ஐ.பி.எம். நிபுணர் ஒருவர், ஓ.எஸ்./360-இன் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் பிழைகள் இருக்கின்றன, அந்த எண்ணிக்கை மாறாமலே இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு குறையைத் திருத்தும்போது இன்னொரு குறை புகுந்துகொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 50 வரை உண்டு என்று புரூக்ஸும் எழுதினார்.

இதற்குக் காரணம் என்ன? சிஸ்டம்/360-இல் நினைவகத்தைக் காக்க ஓர் ஏற்பாடு இருந்தது. நினைவகத்தை 2048 பைட்டுகள் கொண்ட அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் 0 முதல் 15 வரையுள்ள எண்களில் ஒன்றைப் பூட்டாக வைப்பார்கள். ஒரு நிரலின் சாவி எண்ணும் அறையின் பூட்டு எண்ணும் ஒத்திருந்தால்தான் அந்த நிரல் அங்கே எழுத முடியும். ஆகவே ஒரு பயனாளரின் நிரல் தவறினாலும் அடுத்தவர் நிரலைக் கெடுக்காது. ஆனால் இயக்க முறைமையின் சாவி 0. அது எல்லா அறைகளையும் திறக்கும்! வேலையை நடத்த அதற்கு அந்த உரிமை தேவைதான். அதனாலேயே, இயக்க முறைமைக்குள் புகும் ஒரு சிறு தவறு மொத்தக் கணிப்பொறியையும் கவிழ்த்துவிடும். மற்ற நிரல்களைத் திருத்துவதைவிட இயக்க முறைமையைத் திருத்துவது ஏன் ஆபத்தானது என்பது இப்போது புரிகிறதல்லவா?

மேசையும் அலமாரியும்

சரி, நினைவகத்தைப் பெருக்கினால் என்ன? இதற்கு விடை காண இங்கிலாந்துக்குப் போக வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவான ‘அட்லஸ்’ கணிப்பொறி 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதில் காந்த வளைய நினைவகம் சிறியது. சுழலும் காந்த உருளை பெரியது. இரண்டையும் ஒரே பெரிய நினைவகம் போலக் காட்டும் உத்தியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். இதுவே இன்று எல்லாக் கணிப்பொறிகளிலும் உள்ள மெய்நிகர் நினைவகத்தின் தொடக்கம்.

நீங்கள் படிக்கும் மேசையை எண்ணிப்பாருங்கள். அதில் மூன்று புத்தகங்களுக்குத்தான் இடம் உண்டு. மற்றவை அலமாரியில் இருக்கின்றன. நான்காவது புத்தகம் வேண்டுமென்றால் மேசையில் உள்ள ஒன்றை அலமாரிக்கு அனுப்பிவிட்டு அதை எடுத்து வருவீர்கள். மேசை என்பது நினைவகம். அலமாரி என்பது உருளை அல்லது தட்டு. புத்தகங்கள் என்பவை நிரலின் ‘பக்கங்கள்’. புத்தகம் மாற்றுவது எப்போதாவது நடந்தால் தொல்லையில்லை. புதிய வெளியீடு பருத்துப்போய், ஒரே நேரத்தில் ஐந்தாறு புத்தகங்கள் வேண்டும் என்றால்? படிக்கும் நேரத்தைவிட எழுந்து நடக்கும் நேரமே மிகுதியாகிவிடும். இந்நிலையை 1968இல் பீட்டர் டென்னிங் ஆராய்ந்து விளக்கினார். புதுப்பித்தபின் கணிப்பொறி திடீரென்று மந்தமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் மேசையைப் பெரிதாக்கினால் போதுமே என்கிறீர்களா? பெரும்பாலும் போதும், ஆனால் எப்போதும் அன்று! ஹங்கேரியில் பிறந்து, 1956ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த லாஸ்லோ பெலாடி என்பவரும் அவருடைய தோழர்களும் 1969இல் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே அதைச் செய்து பார்க்கலாம்.

புத்தகங்கள் வேண்டப்படும் வரிசை இது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. மேசையில் இடம் இல்லாதபோது, முதலில் வந்த புத்தகம் முதலில் வெளியேற வேண்டும். இதுதான் விதி. மேசையில் மூன்று இடம் இருந்தால் எத்தனை முறை அலமாரிக்கு நடக்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள்: 9 முறை. இப்போது மேசையை நான்கு இடம் உள்ளதாகப் பெரிதாக்குங்கள். அதே வரிசை, அதே விதி. விடை 10 முறை! இடம் கூடியது, நடையும் கூடியது.

விதியை மாற்றிப் பாருங்கள். ‘நெடுநேரமாகத் தொடப்படாத புத்தகம் எதுவோ அது வெளியேறட்டும்’ என்று வைத்துக்கொண்டால், மூன்று இடத்திற்கு 10 நடை, நான்கு இடத்திற்கு 8 நடை. விந்தை மறைந்துவிடுகிறது. நினைவகத்தின் அளவு மட்டும் போதாது, அதை ஆளும் விதியும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அந்த விதியை வைத்திருப்பது இயக்க முறைமைதான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை பாதி உண்மை.

இருவர் வரைந்த கோடுகள்

நினைவகத்தை ஆராய்ந்த அதே பெலாடி, பிறகு வெளியீடுகளின் பக்கம் திரும்பினார். அவருடன் சேர்ந்தவர் மேயர் லேமன். ஐ.பி.எம். நிறுவனத்தில் நிரல் எழுதும் முறையை ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தவர் இவர். வானியலாளர் கோள்களின் நிலையைக் குறித்து வைத்துக் கோடு வரைவதுபோல, இவர்கள் ஓ.எஸ்./360-இன் வெளியீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் மொத்தம் எத்தனை நிரற்கூறுகள் உள்ளன, அவற்றில் எத்தனை கூறுகளில் கை வைக்க நேர்ந்தது என்று எண்ணினார்கள்.

முதல் கோடு சீராக ஏறியது. வெளியீட்டுக்கு வெளியீடு கூறுகளின் எண்ணிக்கை ஒரே அளவில் கூடியது. ஆனால் இரண்டாவது கோடு மேல்நோக்கி வளைந்து சென்றது. ஒரு மாறுதலுக்காகத் தொட வேண்டிய கூறுகள், வட்டிக்கு வட்டி ஏறுவதுபோலப் பெருகின. பழைய வீட்டில் ஒரு குழாயை மாற்றச் சுவரை உடைத்து, சுவருக்காக மின்கம்பியை நகர்த்தி, கம்பிக்காகக் கூரையைப் பிரித்த கதைதான்!

இதிலிருந்து லேமன் 1974இல் தம் விதிகளை வகுத்தார். முதல் விதி: பயன்பாட்டில் உள்ள நிரல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மாறாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். இரண்டாம் விதி: மாறிக்கொண்டிருக்கும் நிரலின் சிக்கல் கூடிக்கொண்டே போகும், அதைக் குறைப்பதற்கென்று தனியாக உழைத்தாலன்றிக் குறையாது.

முதல் விதியைச் சற்று ஆழ்ந்து நினையுங்கள். வர்க்கமூலம் காணும் நிரலைச் சரியாக எழுதிவிட்டால் அது என்றும் சரி. வர்க்கமூலம் மாறப்போவதில்லை. கடைப் பற்றுச்சீட்டுப் போடும் நிரலோ அப்படியன்று. 2017 ஜூலை 1ஆம் நாள் நம் நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முந்தின நாள்வரை பிழையில்லாமல் ஓடிய பற்றுச்சீட்டு நிரல்களையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. நிரல் பழுதாகவில்லை, உலகம் மாறிவிட்டது. “திருத்தாமலே விட்டிருக்கலாமே” என்ற நம் சலிப்புக்கு இதுவே விடை. திருத்தாமல் விடுவது என்பது கிடைக்காத வழி.

மறைத்து வைக்கும் அறிவு

அப்படியானால் விடிவே இல்லையா? உண்டு. இங்கேதான் அந்த ஐந்தடி ஏடு மீண்டும் வருகிறது.

1972இல் டேவிட் பார்னாஸ் என்ற அறிஞர், புரூக்ஸின் கருத்துக்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னார். எல்லாரும் எல்லாவற்றையும் அறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கூறும் தன் உள்விவரத்தை மற்றவற்றிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்றார். உள்ளே நடப்பது வெளியே தெரியாவிட்டால், அதை நம்பி வேறு எந்தக் கூறும் இருக்காது. ஆகவே உள்ளே மாற்றினாலும் வெளியே எதுவும் உடையாது. ஆணியும் சட்டமும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தா நாம் கதவைத் திறக்கிறோம்? கைப்பிடி இருக்கும் இடம் மாறாதிருந்தால் போதும்.

புரூக்ஸ் இதை முதலில் ஏற்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல் வந்த தம் நூலின் புதிய பதிப்பில், பார்னாஸ் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு துறையின் முன்னோடி தம் தவறைத் தாமே அச்சில் ஏற்றுவது எத்தனை பெரிய செயல்! அறிவியல் வளர்வது இத்தகைய நேர்மையால்தான்.

புரூக்ஸ் வலியுறுத்திய இன்னொரு மருந்தும் உண்டு. ஒரு பிழையைத் திருத்தினால் அந்த இடத்தை மட்டும் சோதித்தால் போதாது. முன்பு தேறிய சோதனைகள் எல்லாவற்றையும் திரும்பவும் நடத்த வேண்டும். செலவு மிகுந்த வழிதான். ஆனால் இதைத் தவிர்த்தால் என்ன ஆகும்?

2024 ஜூலை 19ஆம் நாள் உலகம் அதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பு அனுப்பப்பட்டது. அந்த நிரல் இயக்க முறைமையின் உட்கருவிலேயே குடியிருப்பது. அந்நாளைய சாவி 0 போன்ற முழு உரிமை அதற்கும் உண்டு. அதற்குத் தரப்பட்ட மதிப்புகள் 20. புதிய கோப்போ 21ஆவது மதிப்பைக் கேட்டது. இல்லாத அந்த மதிப்பைத் தேடி நிரல் தன் எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படித்தது, கணிப்பொறி கவிழ்ந்தது. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தவித்தன, நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் தரப்பட்டன. முதலில் சிலருக்கு அனுப்பி, கெடுதல் இல்லையென்று கண்டபின் மற்றவர்க்கு அனுப்பும் படிப்படியான முறை இத்தகைய கோப்புகளுக்கும் வேண்டும் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

மாறியும் நிலைத்தது

ஓ.எஸ்./360 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது சாகவில்லை. 1970களில் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையான சிஸ்டம்/370 வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அந்த வரிசையின் 370/155 கணிப்பொறி ஒன்று பணியாற்றியது. 1972இல் அக்குடும்பத்திற்கு மெய்நிகர் நினைவகம் அறிவிக்கப்பட்டது. இன்றைய ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் இயங்கும் இசட்/ஓ.எஸ். அந்தப் பழைய முறைமையின் வழித்தோன்றலே. 1960களில் எழுதிய நிரல்கள் பல அதில் இன்றும் ஓடும். உள்ளே எல்லாம் மாறிவிட்டது. கைப்பிடி மட்டும் மாறவில்லை! ஆயிரம் பிழைகளோடு தள்ளாடியது, திருத்தங்களாலேயே நிலைத்தது.

அடுத்த முறை உங்கள் கணிப்பொறி புதிய வெளியீட்டைப் பற்றிக் கேட்கும்போது மறுக்காதீர்கள். ஆனால் முக்கியமான கோப்புகளுக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு சரி சொல்லுங்கள். மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். புதிதாக ஒன்றைப் படைப்பவரை உலகம் உடனே பாராட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அதை நம்பியிருப்பவர்க்கு இடையூறு வராமல் திருத்துபவரின் பெயர் வெளியே தெரிவதில்லை. இரண்டில் கடினமானது இரண்டாவது வேலைதான் என்று லேமனும் பெலாடியும் வரைந்த கோடுகள் சொல்கின்றன.